லொரெய்ன் எழுதிய கூட்டம்

அமெரிக்காவின் டொலிடோ நகரத்து ஹெரான்ஸ் கால்பந்து அணி நான்கு கோடைகள் உயிரோடிருந்தது. நான்கு கோடையும் அதன் டிக்கெட் அறையில் உட்கார்ந்திருந்தவள் லொரெய்ன் ஹாய்டு. சனிக்கிழமை மாலை ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் பாதி கடந்ததும், ஒரு துண்டுச் சீட்டில் ஒரு எண்ணை எழுதி, இரும்புப் படியேறி, அறிவிப்பாளர் கூண்டுக்குள் நீட்டுவாள். "இன்றைய ஆட்டத்துக்கு வந்திருப்பவர்கள்" என்று அவர் ஒலிபெருக்கியில் அதை வாசிப்பார். அந்த எண் பொய்.

அவள் கணவன் ரே ஜீப் தொழிற்சாலையில் கதவு பூட்டுகிற பிரிவில் இருந்தான். அந்த ஊரில் ஃபுட்பால் என்றால் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். காலால் ஆடுவதற்குப் பெயர் சாக்கர், அது பள்ளிக்கூடத்துக் குழந்தைகளும் வெளிநாட்டுக்காரர்களும் ஆடுவது. 1977இல் அவளுக்கு அந்த வேலை கிடைத்தபோது ரே சிரித்தான்.

"ஒன்றரை மணி நேரம் ஓடிட்டு சைபர் சைபர்னு வீட்டுக்குப் போவாங்களே, அதுக்கு டிக்கெட் வேற போடுறாங்களா?"

"போடுறாங்க. உனக்கு ஓசியிலே தர்றேன், வா."

"ஓசியா இருந்தாலும் சனிக்கிழமை என்னோடதுல்ல?"

லொரெய்னுக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அதற்கு முன் பௌலிங் கூடத்தில் காலணி வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் மூன்றாவது ஆட்டத்தில், வேலை முடிந்து வேலியோரம் நின்றபோது, ஹெரான்ஸின் நடு ஆட்டக்காரன் ஒருவன் பார்க்காமலேயே பின்னங்காலால் பந்தைத் தள்ளிவிட்டான். அது போய்ச் சேர்ந்த இடத்தில் இன்னொருவன் இருந்தான். அவன் அங்கே வருவான் என்று இவனுக்கு எப்படித் தெரிந்தது? அன்று முதல் அவளுக்குப் பித்து பிடித்துவிட்டது.

ஊருக்குப் பிடிக்கவில்லை. பேஸ்பால் மைதானத்தைத்தான் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒரு மூலையில் புல்லே இல்லாத செம்மண். ஹங்கேரியக் குடியிருப்பிலிருந்து சில கிழவர்கள், லெபனான்காரர் மளிகைக்கடைக் குடும்பங்கள், சீருடையோடு வரும் பள்ளிப் பிள்ளைகள், ஊதுகுழல் வைத்திருந்த நாற்பது கல்லூரிப் பையன்கள். நல்ல நாளில் இரண்டாயிரம் பேர் தேறுவார்கள்.

மேலாளர் டில்மன் அறைகலன் கடை வைத்திருந்தவர். முதல் கோடையில் ஒருநாள், நுழைகிறவர்களை எண்ணும் கருவியான கதவெண்ணியில் பதிவான 2,311ஐ அவள் சீட்டில் எழுதும்போது பின்னால் வந்து நின்றார்.

"பாரும்மா, இந்த வாரம் பெட்ரோல் பங்க்குல நாலாயிரம் ஓசி டிக்கெட் கொடுத்தோம்ல?"

"கொடுத்தோம் சார். ஆனா வரலையே."

"டிக்கெட் அவங்க கையில இருக்கு. வராதது அவங்க தப்பு. சேர்த்துக்கோ."

சேர்த்தாள். அடுத்த ஆட்டத்துக்கு அவர் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது கோடையில் கதவெண்ணியைப் பார்ப்பதற்கு முன்பே மனதில் ஒரு எண் வந்துவிடும். 6,500 என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள், 6,713 என்றால் நம்புவார்கள் என்று தானாகவே கற்றுக்கொண்டாள். மழை பெய்தால் கொஞ்சம் குறைப்பாள், வெயில் அடித்தால் கூட்டுவாள். அதில் அவளுக்கு ஒரு கைத்திறன் இருந்தது. பிற்காலத்தில் அவளை அதிகம் வெட்கப்படுத்தியது அதுதான். அவள் அதை ரசித்துச் செய்திருந்தாள்.

1979 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நீலநிற விமானத்தபால் தாள். கிரிம்ஸ்பி என்ற மீன்பிடித் துறைமுகத்தில் நான்காம் பிரிவு அணியில் ஆடிக்கொண்டிருந்த டெரெக் ஸ்னைத் எழுதியிருந்தான். இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன், முப்பத்தொரு வயது. டில்மன் அவனுக்கு ஒப்பந்தம் அனுப்பியிருந்தார். அவன் கையெழுத்துப் போடவில்லை. கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தான். கிரிம்ஸ்பியிலேயே தன் அணியில் உதவிப் பயிற்சியாளர் வேலை தருவதாகச் சொல்கிறார்கள், மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள், வீட்டை விற்றுவிட்டுத்தான் வர முடியும். 'அங்கே உண்மையிலேயே ஜனங்கள் பார்க்க வருகிறார்களா? தயவுசெய்து மறைக்காமல் சொல்லுங்கள்.'

டில்மன் அதை மேலோட்டமாகப் பார்த்து அவள் மேசையில் போட்டார். "ஒரு பதில் போட்டுடும்மா" என்று சொல்லிவிட்டு மதிய உணவுக்குப் போய்விட்டார்.

என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. லொரெய்ன் தட்டச்சு இயந்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கையாலேயே எழுதினாள். சராசரியாக ஏழாயிரம் பேர் வருகிறார்கள் என்று எழுதினாள். வருடத்துக்கு வருடம் கூடுகிறது என்று எழுதினாள். அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. 'நானும் என் கணவரும் சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுவோம், இல்லாவிட்டால் கார் நிறுத்த இடம் கிடைக்காது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ரே ஒரு ஆட்டத்துக்குக்கூட வந்ததில்லை. கார் நிறுத்துமிடத்தில் பாதிக்கு மேல் புறாக்கள்தான் இருக்கும்.

ஸ்னைத் குடும்பம் மார்ச் மாதம் வந்து இறங்கியது. முதல் உள்ளூர் ஆட்டம் ஏப்ரல் மூன்றாம் வாரம். குளிர் விடவில்லை, நடுநடுவே பனித்துகள் வேறு. டில்மன் சொன்னதால் லொரெய்ன் டெரெக்கின் மனைவி மொரீனையும் பெண்களையும் கூட்டிக்கொண்டு நடுவரிசையில் உட்கார்ந்தாள். மூத்தவள் கில்லியனுக்கு ஒன்பது வயது, சின்னவள் ஜோயானுக்கு ஆறு. சின்னவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, எல்லாரும் எங்கம்மா? இன்னும் வரலையா?"

"பேசாம ஆட்டத்தைப் பாரு."

டெரெக் நன்றாக ஆடினான். எதிரணிக்காரனிடமிருந்து பந்தைச் சுத்தமாகப் பறித்துக்கொண்டு கோட்டோரமாக ஓடினான். கைதட்டல் கேட்டபோது ஒருமுறை தலையை உயர்த்திக் காலி வரிசைகளைப் பார்த்தான். பிறகு அன்று முழுவதும் அவன் மேலே பார்க்கவே இல்லை.

லொரெய்ன் அன்றைக்குச் சீட்டை முன்னாலேயே கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ஒலிபெருக்கி உறுமியது: "இன்றைய ஆட்டத்துக்கு வந்திருப்பவர்கள் ஏழாயிரத்து இருநூற்றுப் பதினெட்டுப் பேர்!" பின்வரிசையில் யாரோ விசிலடித்துச் சிரித்தார்கள். கதவெண்ணியில் இருந்தது 1,884.

மொரீன் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"ஏங்க, கார் நிறுத்த ரொம்பச் சிரமப்பட்டீங்களோ?"

லொரெய்ன் குனிந்து, அவிழாத காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள்.

அந்த ஜூலையில் ஊர்ப் பத்திரிகையில் விளையாட்டுப் பத்தி எழுதுகிறவர் இரண்டு ஆட்களோடு வந்து, பகுதி பகுதியாகத் தலைகளை எண்ணினார். 1,702. அன்று லொரெய்ன் எழுதிக்கொடுத்தது 6,947. மிச்சமுள்ள ஐயாயிரம் பேர் அவ்வளவு மரியாதைக்காரர்கள், உட்காரவும் இல்லை நிற்கவும் இல்லை என்று எழுதினார். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. முடிதிருத்தகத்தில் காலி நாற்காலியில் யாராவது உட்காரப் போனால், "பார்த்து, அதுல ஹெரான்ஸ் ரசிகர் உக்காந்திருக்கார்" என்பார்கள். ரே கூட வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தான். எண்ணை எழுதுவது யார் என்று அவனுக்குத் தெரியாது.

கிண்டல் அணியோடு நிற்கவில்லை, வருகிறவர்கள் மேலும் விழுந்தது. சாக்கர் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டார்கள். ஊதுகுழல் பையன்கள் பத்துப் பேராகக் குறைந்தார்கள். மளிகைக்கடைக் குடும்பங்களில் இரண்டு நின்றுபோயின. இரண்டாயிரம் பேர் வரும் ஒரு சின்ன ஆட்டமாக அது ஊரின் ஓரத்தில் மெல்ல வளர்ந்திருக்கலாம். இருந்தவர்களையும் தன் எண்தான் விரட்டியது என்று லொரெய்னுக்குத் தோன்றத் தொடங்கியது. எங்கே போனாலும் அவளையறியாமல் தலைகளை எண்ணினாள். தேவாலயத்தில், பேருந்தில், ஒரு சாவு வீட்டில்.

1980 ஆகஸ்டில் அணியின் முதலாளிகள் கைவிரித்துவிட்டார்கள். அலுவலகச் சாமான்களை லாரியில் ஏற்றியபோது டெரெக் வந்து ஒரு பெட்டியைத் தூக்க அவளுக்கு உதவினான்.

"டெரெக், அந்தக் கடிதம்..." என்று ஆரம்பித்தாள்.

"விடுங்க லொரெய்ன். டில்மன் சொல்லிக் கொடுத்தாரு, நீங்க எழுதினீங்க. வேலை பார்க்கிற இடத்துல வேற என்ன செய்ய முடியும்? உங்க மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல."

அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். "நன்றி" என்று சொன்னாள்.

கிரிம்ஸ்பியில் உதவிப் பயிற்சியாளர் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டிருந்தான். தான் அமெரிக்கா கிளம்பியதைப் படத்தோடு போட்ட உள்ளூர்ப் பத்திரிகைக்கு முன்னால் திரும்பிப் போய் நிற்க டெரெக்குக்கு மனமில்லை. லொரெய்ன் தன் ஒன்றுவிட்ட அண்ணனிடம் சொல்லி, கண்ணாடித் தொழிற்சாலைக் கிடங்கில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள். சனிக்கிழமை காலைகளில் அவன் பூங்காவில் பிள்ளைகளுக்குச் சாக்கர் கற்றுக்கொடுத்தான். லொரெய்ன் ஆரஞ்சுப்பழம் நறுக்கிக் கொண்டுபோனாள், பனியன்களைத் துவைத்தாள், மழையில் குடை பிடித்துக்கொண்டு கோட்டோரம் நின்றாள். அவளுக்கு அந்த இங்கிலீஷ்காரன் மேல் ஒரு கண் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். உண்மையைவிட அந்த வதந்தி கௌரவமாக இருந்தது.

மொரீனுக்கு ஊர் ஒட்டவில்லை. கடல் இல்லை, தங்கை இல்லை, கணவன் கிடங்கிலிருந்து வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பான். 1982 பிப்ரவரியில் பெண்களோடு ஊர் திரும்ப முடிவெடுத்தாள். டெரெக்குக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லையா, கேட்கவில்லையா, தெரியாது. டெட்ராய்ட் விமான நிலையத்துக்கு லொரெய்ன்தான் காரோட்டிப் போனாள். பின் இருக்கையில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். சாலையோரமெல்லாம் அழுக்குப் பனி.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் மொரீன். "அந்தக் கடிதாசியை யார் சொல்லி எழுதினீங்க?"

லொரெய்ன் சாலையையே பார்த்தாள். "யாரும் சொல்லல."

"டில்மன்?"

"பதில் போடுன்னு மட்டும் சொன்னாரு. மத்ததெல்லாம் நான்தான்."

மொரீன் பின்னால் திரும்பி, தூங்கும் பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு, "சாப்பாட்டு மேசையில டெரெக் ரெண்டு தடவை எனக்குப் படிச்சுக் காட்டினாரு. அந்தக் கார் நிறுத்துற விஷயத்துலதான் நான் சரின்னேன். இப்படியொரு விஷயத்தை யாராவது பொய்யா எழுதுவாங்களான்னு நினைச்சேன்" என்றாள்.

"என்னை மன்னிச்சுடுங்க மொரீன்."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவர்கிட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். நான்கு வருடம் சொல்லவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் இன்றைக்கு என்று நினைத்துக்கொண்டு போவாள். பிள்ளைகள் இருப்பார்கள், பெற்றோர் இருப்பார்கள், அவன் களைத்திருப்பான், அல்லது அபூர்வமாகச் சிரித்துக்கொண்டிருப்பான். வீட்டுக்கு வந்து பனியன்களை இயந்திரத்தில் போடும்போது, இன்னும் எவ்வளவு துவைத்தால் சரியாகும் என்று நினைப்பாள்.

1986 இலையுதிர் காலத்தில், பருவ முடிவு விருந்து தேவாலயக் கூடத்தில் நடந்தது. எல்லோரும் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்திருந்தார்கள். டெரெக் எழுந்து பேசினான். பேச வராதவன், காகிதத்தைப் பார்த்துத்தான் பேசினான்.

"நான் இங்க வந்து ஏமாந்தவன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். ஏமாத்தின அலுவலகத்துல ஒரே ஒரு யோக்கியமான மனுஷி இருந்தாங்க. மேலாளர் எழுதச் சொன்ன பொய்யை எழுதின ஒரே குத்தத்துக்காக, ஆறு வருஷமா நம்ம பிள்ளைங்க பனியனைத் துவைச்சுக்கிட்டு இருக்காங்க. எழுந்திருங்க லொரெய்ன்!"

கூடம் முழுக்கக் கை தட்டியது. எழுபத்தெட்டுப் பேர். கை தட்டும்போதே எண்ணிவிட்டாள். பக்கத்தில் ரே விசிலடித்தான். அவள் எழுந்து நின்று, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சிரித்தாள்.

மறுநாள் காலை அவன் கோல் வலைகளைக் கழற்றிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனாள். பூங்காவில் வேறு யாரும் இல்லை. நின்றவாக்கில் சொல்லிவிட்டாள். டில்மன் சொல்லவில்லை, ஏழாயிரமும் என்னுடையது, அதற்கு முன்னால் இரண்டு வருடமாக ஒலிபெருக்கியில் வந்ததெல்லாமே என்னுடையது, மொரீனுக்குத் தெரியும், சொல்லச் சொன்னாள், நான் சொல்லவில்லை.

டெரெக் வலையின் ஒரு முடிச்சை அவிழ்த்து முடித்தான். பிறகுதான் கேட்டான்.

"மொத ஆட்டத்துக்கு நிஜமா எத்தனை பேரு?"

"ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்துநாலு."

"அந்தக் கார் நிறுத்தறதும் நீங்களேதானா?"

"நானேதான்."

"யாராவது கேட்டாங்களா அதை?"

"இல்ல."

அவன் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். முகம் வெளுத்திருந்தது. "நேத்து உங்களை எழுப்பி நிக்க வெச்சேன்" என்றான். "அப்பவாவது உக்காந்திருக்கலாம். இனிமே சனிக்கிழமை இங்க வராதீங்க."

அன்றைக்கே ரேயிடமும் சொன்னாள். அவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "அந்தக் காலி நாற்காலி ஜோக்கை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், நீ ஒரு வார்த்தை பேசலையே" என்றான். அதற்குப் பிறகு அவன் அதைச் சொல்லவில்லை.

இரண்டு பருவம் அவள் பூங்காப் பக்கமே போகவில்லை. பல்மருத்துவர் ஒருவரின் முன்னறையில் வேலைக்குச் சேர்ந்தாள். சனிக்கிழமை காலைகளில் வீட்டைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

1989 மார்ச்சில் டெரெக் வாசலில் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றவில்லை, உள்ளேயும் வரவில்லை.

"இந்த வருஷம் முந்நூறு பிள்ளைங்க சேர்ந்திருக்காங்க. பதிவேடு எழுத ஆளில்லை. ரெண்டு பேரைப் போட்டுப் பார்த்தேன், பேரைக்கூட ஒழுங்கா எழுதல. நீங்க வருவீங்களா?"

"வர்றேன்."

"நான் ஒண்ணும் மறந்துடல."

"தெரியும்."

"சரி. திங்கட்கிழமை ஆறு மணிக்கு, மிஸஸ் ஹாய்டு."

அன்றிலிருந்து மிஸஸ் ஹாய்டுதான். ஒரே மேசையில் ஆண்டுக்கணக்காக எதிரெதிரே உட்கார்ந்து அணி பிரித்தார்கள், நடுவர்களைத் தேடினார்கள், மழையில் ஆட்டங்களைத் தள்ளிவைத்தார்கள். ஆட்டத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுவான். அவள் சொன்னது சரியாக இருந்தால் ஒத்துக்கொள்வான். ஆனால் லொரெய்ன் என்ற பெயர் அவன் வாயிலிருந்து மறுபடி வரவே இல்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்வாள். அது முழு உண்மையல்ல.

1994இல் உலகக் கோப்பை அமெரிக்காவுக்கு வந்தது. டெட்ராய்ட்டுக்கு அந்தப் பக்கம் பான்டியாக்கில் சில ஆட்டங்கள். டெரெக்கோடு பார்ப்பதற்காக இங்கிலாந்திலிருந்து சின்ன மகள் ஜோயான் வந்திருந்தாள். இருபத்தொரு வயது, அப்பாவின் நீளமான தாடை. லொரெய்ன் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தாள். எழுபதாயிரத்துக்கு மேல் ஆட்கள், ஒரு இருக்கை காலியில்லை. யாரும் பொய் எழுதத் தேவையில்லாத கூட்டம். அவள் தன்னையறியாமல் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். சந்தோஷமா என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

"இதெல்லாம் ஒரு மாசம்தான்" என்றான் ரே, கதவோரம் நின்றபடி. "அப்புறம் எல்லாரும் பேஸ்பாலுக்குப் போயிடுவாங்க." ஆனால் போகாமல் இடைவேளை வரை அங்கேயே நின்றான்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் ஜோயான் அவள் வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா உங்களைப் பார்த்துட்டு வரச் சொன்னாங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. நீங்க யாருன்னு மட்டும் சொன்னாங்க." அந்தப் பெண் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் ஒண்ணு கேக்கலாமா ஆன்ட்டி? ஏன் அப்படி எழுதினீங்க?"

பதினைந்து வருடத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. மொரீன் கேட்கவில்லை, டெரெக் கேட்கவில்லை. லொரெய்ன் அடுப்பைச் சிறிதாக்கினாள். மிளகாய்த்தூள் போட்ட ஹங்கேரியக் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு அந்த ஆட்டம் அவ்வளவு பிடிச்சுப் போச்சும்மா. ஊருல வேற யாருக்கும் பிடிக்கல. அதை எழுத மனசு வரல. யாருக்கும் பிடிக்கலன்னு கையால எழுதிட்டா, அது நிஜமாயிடும்னு தோணிச்சு. உங்கப்பா வந்தா, ஜனங்களும் வந்துடுவாங்கன்னு நினைச்சேன். உங்களை எல்லாம் நான் நினைக்கவே இல்லை. நாலு பேர் ஒரு வீட்டை விட்டுட்டு வர்றாங்கன்னு அந்தக் கடிதாசியிலயே இருந்துச்சு, படிச்சேன். இருந்தும் நினைக்கல."

ஜோயான் விரலால் மேசைத்துணியின் கோட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்கு இந்த ஊர் பிடிச்சிருந்தது. பனி, மஞ்சள் பஸ், எல்லாம். அக்காவுக்குப் பிடிக்கல." நிமிர்ந்து, "அப்பாவை வருஷத்துல ரெண்டு வாரம்தான் பார்த்து வளர்ந்தேன். அதை நீங்க சரி பண்ண முடியாது" என்றாள்.

"முடியாதும்மா."

"சும்மா சொல்றேன். கோபமா சொல்லல."

அவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள். மூன்றாவது முறை பரிமாறப் போனபோது தட்டைக் கையால் மூடிக்கொண்டாள். ஆறு மணிக்கு டெரெக் கார் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, இறங்காமல் ஹாரன் அடித்தான். லொரெய்ன் மீதிக் குழம்பை ஒரு டப்பாவில் ஊற்றி, மூடியை அழுத்தி, ஜோயானிடம் கொடுத்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். டெரெக் டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தான், மகளிடம் என்னவோ கேட்டான், அது கொட்டிவிடாதபடி தன் இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு காரைக் கிளப்பினான்.